தட்டாங்குளத்தில் தண்ணீர் இல்லை

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் போட்டிருக்கிறது. இருபத்தொன்பது வருடம் ஆபீசில் குறிப்பெழுதியே பழகிய கை இது. திடீரென்று எழுதாதே என்றால் கேட்குமா? இடம்: தட்டாங்குளத்துக் கரை, உடைமரத்து நிழல். நேரம்: காலை பதினொன்று. ஆபீசில் இந்நேரம் இரண்டாவது டீ வந்திருக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து நான், குற்றாலிங்கம், வயது ஐம்பத்தாறு, சஸ்பென்ஷனில் இருக்கிறேன். தட்டாங்குளத்தில் இருபது வருடமாகத் தண்ணீரே நிற்பதில்லை, அது வெறும் தரிசு, வீட்டுமனை போடத் தடையில்லை என்று எங்கள் அதிகாரி தயாபரன் ஓர் அறிக்கை தயாரித்தார். அதற்குக் குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். ‘அதிகாரியின் கருத்துப்படி குளம் வறண்டதாகக் கொள்ளப்படுகிறது. இதன் நகல் ஒன்றைக் குளத்துக்கும் அனுப்பி, தண்ணீரை உடனே வெளியேறச் சொல்லலாம்.’ தயாபரன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்ற நம்பிக்கையில் எழுதியது. அன்றைக்கென்று பார்த்து மனுசன் படித்துத் தொலைத்துவிட்டார்.

பிப்ரவரி 20-ஆம் தேதி விசாரணை. ‘குளத்தை நேரில் பார்வையிட்டேன், தண்ணீர் இல்லை, மன உளைச்சலில் தவறாக எழுதிவிட்டேன்’ என்று ஒரு கடிதம் கொடுத்தால் மறுநாளே என் நாற்காலி எனக்கு. கொடுக்காவிட்டால் வேலையே போகலாம். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. கடிதத்தைக்கூட தயாபரனே டைப் அடித்துக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். என்ன ஒரு தாராள மனசு.

வீட்டில் சொல்லவில்லை. கல்யாணமான இருபத்தேழு வருடமாக உலகம்மை என்னிடம் சொல்லிவருவது ஒன்றே ஒன்றுதான்: “அந்த வாயைக் கொஞ்சம் அடக்குங்க. ஒருநாள் அது உங்க வேலைக்கு உலை வைக்கும்.” நீ சொன்னபடியே உலை வைத்தாயிற்று என்று நானே போய் அவளிடம் எப்படிச் சொல்ல? ஒன்பதரைக்கு வழக்கம்போல டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எங்கே போவது என்று தெரியாமல் சுற்றி, கடைசியில் இங்கே வந்து நின்றேன்.

குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. நடுவில் நாலைந்து நாரைகள் நிற்கின்றன. அவற்றுக்கு அறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான காரியமா? ஆபீசில் செய்தபோது தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

கரைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரன் பெயர் செல்வின், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். வண்டி வராத நேரமெல்லாம் கரையில் வந்து உட்கார்ந்து தூண்டில் போடுகிறான். இன்று என் பக்கத்தில் வந்து குந்தினான்.

“ரெண்டு நாளா பாக்கேன் சார். தண்ணியையே வெறிச்சு வெறிச்சுப் பாத்துட்டு இருக்கிய. ஒருவேளை குதிக்கப் போறியளோன்னு நெனச்சேன். கரையோரம் இடுப்பளவுதான் கெடக்கு. குதிச்சா சளி பிடிக்கும், அவ்வளவுதான்.”

எனக்கு அப்படி ஒரு எண்ணமும் இல்லை என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. எழுந்து கடைக்குப் போய் ஒரு ஷாம்பு பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். அதில் நைலான் நரம்பு சுற்றியிருந்தது. நுனியில் ஒரு முள். ஈயக் குண்டுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் நட்டு. தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. இவ்வளவுதான் மொத்தத் தளவாடம்.

நான் சைவம் என்றேன். மீனும் சைவம்தான் சார், பாசியத்தான் தின்னுது என்றான்.

கொட்டாங்கச்சியில் மண்புழு வைத்திருந்தான். ஒன்றை எடுத்துப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, திரும்ப விட்டுவிட்டேன். டிபன் பாக்சைத் திறந்து சப்பாத்தியில் ஒரு துண்டு கிள்ளி, தண்ணீர் தொட்டுப் பிசைந்து முள்ளில் ஏற்றினேன். போட்டேன். அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. செருப்புத் துண்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அப்புறம் அது ஒருமுறை தலையாட்டியது. சாய்ந்தது. காணாமல் போனது. விரலில் நரம்பு வழியாக ஏதோ ஒன்று உயிரோடு இழுத்தது.

உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பதவி உயர்வு ஆணை வந்த அன்றுகூட நான் இப்படித் துள்ளிக் குதிக்கவில்லை. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். செல்வின் தலையில் அடித்துக்கொண்டான். டிக்கெட் எடுத்து மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு, இறங்காமலே திரும்பி வார மாரி இருக்கு சார் என்றான்.

ஜனவரி 23, வியாழன்

கையில் மீன் வாடை. இதை யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் உலகம்மை ஜன்னலைச் சாத்திவிட்டு சாம்பிராணி போடுகிறவள். அவள் மூக்குக்கு யாரும் தப்ப முடியாது. களிமண் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்த்தேன். போகவில்லை.

மூளை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் பிச்சிப்பூ நாலு முழம் வாங்கி, இரண்டு கையாலும் நன்றாகப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் போனேன். பிச்சி வாசத்துக்கு முன்னால் கெண்டை எம்மாத்திரம். உலகம்மை பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கடைசியாக நான் அவளுக்குப் பூ வாங்கியது மகனுக்குக் காது குத்தியபோது. இன்றைக்கு என்ன விசேஷம் என்றாள். ஒன்றுமில்லை, கூவி விற்றார்கள், வாங்கினேன் என்றேன். தலையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

வீட்டு ஒட்டடைக் கம்பின் தலையைக் கழற்றிவிட்டு மூங்கிலை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். எடை இல்லை, நல்ல வளைவு. இவ்வளவு நாள் இதைச் சிலந்தி துரத்தப் பயன்படுத்தியிருக்கிறோம்.

தக்கைக்கும் நட்டுக்கும் நடுவில் எவ்வளவு நரம்பு விட வேண்டும் என்பதற்கு முதலில் ஆழம் பார்க்க வேண்டுமாம். நரம்பில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். உடைமரத்தடியிலிருந்து கம்பு எட்டுகிற தூரத்தில் ஐந்தடி. குமாஸ்தா புத்தி, எழுதி வைக்கிறேன்: நீர்மட்டம், மதகுப் பக்கம், 5 அடி. ஜிலேபி இரண்டு. பூ நாலு முழம்.

ஜனவரி 27, திங்கள்

5 அடி. கெண்டை ஒன்று. மூன்றாம் நாளாகப் பூ.

முகம் ஏன் இப்படிக் கறுத்துப் போயிருக்கிறது என்று உலகம்மை கேட்டாள். ஆபீசில் ஃபேன் ஓடவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். “மேல எல்லாம் வெயில் விழுதோ? ஃபைலெல்லாம் நல்லா காயுமே” என்றாள். அப்பாவி. சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

கெளுத்தி குத்திவிட்டது. அதன் செவுளுக்குப் பக்கத்தில் முள் இருக்கும் என்று செல்வின் சொல்லித்தான் இருந்தான். கேட்கிற ஆளா நான். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கரையில் குதித்தேன், அந்த மீனை அதன் தாத்தா பாட்டி வரைக்கும் திட்டினேன், அது என் ஒட்டடைக் கம்பை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இப்படியெல்லாம் கொஞ்ச நேரம் நடந்தது. கெளுத்திக் குத்துக்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்தால் இறங்கும் என்றான் செல்வின். கடையில் இரண்டும் இல்லை.

நான் கத்தியும் அவன் கரைக்கு வர நேரமாகிவிட்டது. ஸ்கூட்டியில் ஒரு அக்கா பஞ்சர் பார்க்க வந்தாளாம். டயரில் பஞ்சரே இல்லையாம். காற்று அடித்த பிறகும் போகாமல், கரையைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றாளாம். முதலில் முகம் கடுகடுவென்று இருந்ததாம், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளாம். வேலை வெட்டி இல்லாதவர்கள் ஊரில் எவ்வளவு பேர்.

சாயங்காலம் உலகம்மை விரலைப் பார்த்தாள். ஸ்டாப்ளர் குத்திவிட்டது என்றேன். போய் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஸ்டாப்ளருக்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டது.

ஜனவரி 30, வியாழன்

உலகம்மைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சப்பாத்தி வேகவே இல்லை. நடுவில் பச்சை மாவு அப்படியே இருக்கிறது. இருபத்தேழு வருடத்தில் அவள் கைப்பக்குவத்தை நான் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பிசைய மிகவும் வசதியாக இருக்கிறது.

நாலரை அடி. இரண்டு நாள் காற்று. பிற்பகலில் ஒரு விரால். முழங்கை நீளம் இருக்கும். கரை வரைக்கும் வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முள்ளைத் துப்பிவிட்டுப் போனது. செல்வின் பார்க்கவில்லை. அதனால் நான் சொல்வதை அவன் நம்பவில்லை. டைரியே, நீயாவது நம்பு.

பிப்ரவரி 3, திங்கள்

டிபன் பையில் ஒரு பழைய துண்டும், பாதி தேய்ந்த சோப்பும். குளியலறைக்குப் போக வேண்டியதை இவள் பையில் போட்டிருக்கிறாள். வயதாகிறது, மறதி. கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்தேன். வாடையே இல்லை. இனிமேல் பூ தேவையில்லை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் நாலு முழம் வாங்கினேன். திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும்.

பிப்ரவரி 5, புதன்

4 அடி. ஜிலேபி மூன்று.

ஒரு கம்பு, ஒரு முள், ஒரு நட்டு, ஒரு செருப்புத் துண்டு. இவ்வளவு கொஞ்சமாக வைத்துக்கொண்டு மனுசன் இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரிப்பேர் ஆக எதுவும் இல்லை. மேலதிகாரி இல்லை. செருப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால் அந்த நொடியில்தான் மீன் இழுக்கும். வெயில் ஏற ஏற தண்ணீரின் நிறம் மூன்று தடவை மாறுகிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் காற்று மதகுப் பக்கம் திரும்பும், அப்போது கெண்டை கரைக்கு வரும். ஐம்பத்தாறு வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன், காற்று திரும்புவதை இப்போதுதான் பார்க்கிறேன். இருபத்தொன்பது வருடம் நான் பார்த்ததெல்லாம் சுவர்க் கடிகாரத்தை.

ஸ்கூட்டி அக்கா மறுபடியும் காற்று அடிக்க வந்தாளாம். கெண்டைக்கு எது இஷ்டம் என்று விசாரித்தாளாம். கோதுமை மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தால் குளத்து மீன் முழுக்க ஓடிவரும் என்று செல்வின் சொல்லிக்கொடுத்திருக்கிறான். என்னிடம் ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கவே இல்லையே சார் என்றான்.

பிப்ரவரி 8, சனி

சனிக்கிழமையும் விசேஷ வேலை என்று வீட்டில் சொன்னேன். “லீவு நாள்லயும் உங்கள இப்படி வேலை வாங்குதாவளே, பாவம்” என்று சொல்லி இரண்டு சப்பாத்தி கூடுதலாக வைத்தாள். எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

பத்து மணிக்கு ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஒருவர் இறங்கினார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாக்கெட் பதினேழு வைத்த ஒரு சட்டை. மடக்கு நாற்காலி, இரண்டு தூண்டில் கம்பு, ஒவ்வொன்றிலும் கைப்பிடி வைத்த உருளை. ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் புழு, ஹோலிப் பண்டிகை மாதிரி எல்லா நிறத்திலும். தண்ணீருக்குள் மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வேறு. அது பீப் பீப் என்று கத்தியதில் இருந்த மீனும் மதகுக்குள் போய்விட்டது. எல்லாவற்றையும் பூட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் வீச்சில் உடைமரம் மாட்டியது. இரண்டாவது வீச்சில் அவருடைய தொப்பியே மாட்டியது. மூன்றாவதில் நரம்பு சிக்கு விழுந்து, அதைப் பிரித்துக்கொண்டே மத்தியானத்தைக் கழித்தார். அதற்குள் என் ஒட்டடைக் கம்புக்கு நாலு ஜிலேபி.

மனுசன் கெட்டவர் இல்லை. என் கம்பைத் தொட்டுப் பார்த்து, இது எந்த நாட்டு மாடல் என்று கேட்டார். உள்நாட்டுத் தயாரிப்பு, சிலந்திக்கும் ஆகும் என்றேன். கிளம்பும்போது எனக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். இங்கே மனை விற்கப் போகிற கம்பெனியில் அவர்தான் விற்பனைப் பொறுப்பாளராம். வழவழப்பான காகிதத்தில் தட்டாங்குளம் நீலமாகத் தளும்புகிறது. மேலே ‘லேக் வியூ நகர்’. கீழே, ‘வருடம் முழுவதும் வற்றாத நீர். உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தே மீன் பிடிக்கலாம்.’

இதை இந்தப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். தயாபரன் அறிக்கையில் இல்லாத தண்ணீர் எங்கே போனது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நோட்டீசில் பத்திரமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

மூன்றரை அடி.

தயாபரன் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பாசம். “குற்றாலிங்கம், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஒரு தாள். நாலு வரி. அதுக்கு மேல யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.” அப்புறம், என் மகனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று விசாரித்தார். ஆகவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று தடவை தக்கை அமுங்கியது. மூன்று தடவையும் நான் கம்பை இழுக்கவில்லை. பயமாக இருக்கிறது. கிண்டலாக எழுத வரவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மீன் இல்லை. பூ உண்டு.

பிப்ரவரி 17, திங்கள்

செல்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டான். கடிதம் கொடுக்கப் போகிறேன் என்றதும் நிமிர்ந்தான். குளம் போய்விட்டால் உன் கடையும் போய்விடும், மன்னித்துக்கொள் என்றேன். கடை எங்கே வேணும்னாலும் போட்டுக்கலாம் சார், ரோடு இருக்கிற இடமெல்லாம் ஆணி கிடக்கும் என்றான். ட்யூபைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“நீங்க அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா இங்க குளமே இல்லைன்னு ஆயிரும். அப்ப ஒரு மாசமா நீங்க எங்க சார் உக்காந்திருந்திய?”

பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு என்ன திமிர் பாருங்கள். எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

எழுதிவிட்டேன். தயாபரன் கொடுத்ததைப் பார்த்து என் கையெழுத்தில், வெள்ளைத் தாளில். ‘நேரில் பார்வையிட்டதில் நீர் ஏதும் காணப்படவில்லை.’ உடைமரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினேன். அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும்.

கம்பையும் ஷாம்பு பாட்டிலையும் செல்வினிடம் ஒப்படைத்தேன். வாங்கி டயர் அடுக்குக்குப் பின்னால் வைத்தான். நீர்மட்டம் 3 அடி. இனி எழுத வேண்டியதில்லை.

நாளை விசாரணை முடிந்தால் மறுநாளிலிருந்து நிஜமாகவே ஆபீசுக்குப் போகலாம். உலகம்மைக்கு எதுவுமே தெரியாமல் முடிந்துவிட்டது. ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெண்ணை இப்படி ஏமாற்ற முடிந்திருக்கிறது என்றால் என் திறமையை என்னவென்று சொல்வது. சந்தோசமாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

விசாரணை பத்து மணிக்கு என்றார்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கும் விசாரணை அதிகாரி ஒரு அம்மா. பதினொன்றாகியது, பன்னிரண்டாகியது, சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி எழுதமாட்டேன் என்று நேற்று சொன்னது தவறு.

கடிதம் சட்டைப்பையில் இருந்தது. டிபன் பையைத் திறந்தேன். தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். அதற்குக் கீழே ஒரு சின்ன டப்பா. சப்பாத்தி இல்லை. சப்பாத்தி ஆகாத மாவு. எலுமிச்சை அளவு ஒரு உருண்டை, வாழையிலையில் சுற்றி. திறந்ததும் பெருங்காய வாசம் வராந்தா முழுக்க அடித்தது. பக்கத்து பெஞ்சுக்காரர் சாம்பாரா என்று கேட்டார்.

இருபத்தொன்பது வருடம் மற்றவர்களுடைய கோப்புகளில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். ஒட்டடைக் கம்பு காணாமல் போய் ஒரு மாதமாகியும் வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை. துண்டு. சோப்பு. வேகாத சப்பாத்தி. சுண்ணாம்பும் மஞ்சளும். ஸ்கூட்டி. ஒவ்வொன்றையும் தேதி போட்டு நானே எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

போன் செய்தேன். எடுத்தாள். மாவு வைத்திருக்கிறாயே என்றேன்.

“பூ வாங்கியாந்தியள்லா, அதுல மூணாம் நாளு முடிஞ்சதும் எனக்குப் பொறுக்கல. எவளோ ஒருத்திகூடன்னு நெனச்சு மறுநாளு ஸ்கூட்டிய எடுத்துட்டு உங்க பின்னாடியே வந்தேன். வந்து பாத்தா, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஒரு கெளுத்திகிட்ட சண்டை போட்டுட்டு நிக்கிய.”

அன்று மாலையே தயாபரன் விவகாரம் முழுவதையும் ஆபீஸ் பியூன் வீட்டில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன், இன்னைக்குத்தான் கடைசி நாளு, அதான் மாவு வச்சேன் என்றாள். நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதிவிட்டேன், பையில் இருக்கிறது, நாலு வருடம், மகன், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“இருபத்தேழு வருசமா வாயை அடக்குங்க அடக்குங்கன்னு சொன்னேன். ஒரு நாளாவது கேட்டியளா? இன்னைக்குப் போயி அடக்கிட்டு வாராதிய.”

வைத்துவிட்டாள்.

இப்போது இரண்டு ஐம்பது. கடிதம் நான்காகக் கிழிந்து நார்த்தங்காய்க் கொட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உள்ளே கேட்பார்கள்: தண்ணீர் இருந்தது என்பதற்கு ஆவணம் என்ன? இந்த டைரியைத்தான் கொடுக்கப் போகிறேன். தேதிவாரியாக நீர்மட்டம் இருக்கிறது, பிடிபட்ட மீன் இருக்கிறது, கம்பெனியின் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. சாட்சி, பஞ்சர் கடை செல்வின். என்ன ஆகும் என்று தெரியாது. வேலை போனாலும் போகலாம். ஆனால் முதல் கெண்டை நரம்பை இழுத்தபோது இருந்த மாதிரி இருக்கிறது.

ஆவணம் என்றால் பிழை இருக்கக் கூடாது. எனவே ஒப்படைக்கும் முன் திருத்துகிறேன்.

ஜனவரி 30 அன்று தப்பிய விரால் முழங்கை நீளம் என்று எழுதியிருக்கிறேன். சாண் அளவுதான் இருக்கும்.

பூவைப் பற்றி, மீன் வாடைக்காக வாங்கியதாக எழுதியிருக்கிறேன். சந்தேகம் வரும் என்பதற்காகத் தொடர்ந்ததாகவும் எழுதியிருக்கிறேன். முதல் நாள் மட்டும்தான் வாடைக்காக. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனதை அன்றைக்குப் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் அதற்காகத்தான் வாங்கினேன்.

அம்மா, இந்தக் கடைசித் திருத்தம் விசாரணைக்குத் தொடர்பில்லாதது. இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை, பதிவில் இருக்கட்டும். கூப்பிடுகிறார்கள்.